வாலைப் பார்த்துச் சொல்லைப் பிடித்தவர்

"புள்ள, 'ஏய்ல்' குடும்பத்துல இன்னம் ஆரும் மிச்சம் இரிக்கா?"

கிடுகு வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இப்படி ஒரு கேள்வி வந்தால், நான் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன். பள்ளியின் கடைசிப் பரீட்சையான ஏ.எல். எழுதிவிட்டு, பல்கலைக்கழகத்துக்கு, எங்கள் பேச்சில் கம்பஸுக்கு, எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. உம்மா சொன்ன வேலையெல்லாம் பாதியில் கிடக்கும். அண்ணன் முறையான பக்கத்து வீட்டு நானாவுக்கு இங்கிலீசுச் சொல் தேடிக் கொடுப்பது ஒன்றைத்தான் அந்த வருசம் நான் முழுசாகச் செய்தேன்.

அவர் விரலை மடக்கிக்கொண்டே வருவார். "டேய்ல் இரிக்கி, வால். சேய்ல், பாய். வேய்ல், திமிங்கிலம். நேய்ல், நகம். ஃபேய்ல், அது எனக்கு நல்லாத் தெரிஞ்ச ஆள். மேல செல்லு."

"ஸ்கேய்ல், நானா. மீன்ட செதில்."

"செதிலா!" புதையல் கண்டவர்போல இரண்டு கையையும் தட்டுவார். "பாரு புள்ள, வால், பாய், திமிங்கிலம், செதில். இது முழுசாக் கடல் குடும்பம்."

"ஜேய்லும் இரிக்கி. சிறைக்கூடம்."

"அவன் எப்பிடி இதுக்குள்ள வந்தான்?"

"எல்லாக் குடும்பத்துலயும் அப்பிடி ஒருத்தர் இரிக்கிறதானே," என்று குசினி அடுப்படியிலிருந்து ராத்தாவின் குரல் வரும். ராத்தா என்று நான் கூப்பிடுவது நானாவின் மனைவியை. "எங்கட குடும்பத்துல இவரு."

நான் சிரிப்பேன். நானா என் முகத்தைப் பார்ப்பார், குசினி வாசலைப் பார்ப்பார், திரும்ப என்னைப் பார்ப்பார். "என்னயத்தானே என்னமோ சென்னா? செல்லு, என்ன சென்னா?"

ராத்தா சொன்னது அவருக்குக் கேட்கவில்லை. குசினி பத்தடி தூரம்கூட இல்லை.

காது கேட்காது என்று நான் எழுதினால் அது பிழை. அவரே திருத்துவார்: "சத்தம் கேக்கும். சொல்லுதான் கேக்காது." பாங்குச் சத்தம் கேட்கும். எஞ்சின் கேட்கும். ஆள் பேசுகிறது என்பதும் கேட்கும், பேச்சின் ஏற்ற இறக்கம்கூடக் கேட்கும். ஆனால் சொல்லின் முன்னால் நிற்கிற மெல்லிய ஒலிகள், அந்த ஸ், ஃப், ட், க் எல்லாம், வழியிலேயே உதிர்ந்துவிடும். முன்பு அவர் கடலட்டைக்கு முங்குகிறவர். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போய்ப் பொறுக்கி வருகிற வேலை. ஒரு தடவை அவசரப்பட்டு இறங்கியதில் இரண்டு காதுக்குள்ளும் ஏதோ கிழிந்தது. இனி முங்கினால் மிச்சமும் போய்விடும் என்று டொக்டர் சொல்லிவிட்டார்.

கடலுக்குக் கீழே போகிற வழி அடைபட்ட பிறகு அவருக்குக் கிடைத்தது கடலுக்கு மேலே ஒரு வேலை. ஆலங்குடாவில் வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்கக் கூட்டிப்போகும் போட்டில் கைட். டொல்பினை நாங்கள் ஓங்கில் என்போம். போட்டின் சொந்தக்காரர் ஒரு ஹாஜியார். கெட்டவர் இல்லை, ஆனால் கண்டிப்பானவர். "கடல்ல ஒருத்தன் விழுந்து கத்தினா கேக்காத ஆள் எனக்கு என்னத்துக்கு?" என்று வேறொருவரை அவர் திருப்பி அனுப்பியதை நானா கண்ணால் பார்த்திருந்தார். ஆகவே காதுக் கதை ராத்தாவுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும்தான் தெரியும். காதுக்கு மெசின் போடலாமே என்று வாப்பா ஒருமுறை கேட்டார். "உப்புக் காத்துல அது நிக்காது, காக்கா. நின்டாலும் ஹாஜியார்ட கண்ணுக்குத் தெரியும்," என்றார் நானா, வாப்பாவை அண்ணன் முறை வைத்து. அவருக்கு வேறு தொழில் தெரியாது. கரையில் உட்கார்ந்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியாது.

இப்போது அந்த வால் விசயத்துக்கு வருகிறேன்.

"தமிழும் சிங்களமும் நீட்டுச் சொல்லு, புள்ள. பாதி தண்ணிக்குள்ள போனாலும் மிச்சத்தப் புடிச்சு இழுத்திரலாம். இங்கிலீசு குட்டைச் சொல்லு. தலை போனா வால்தான் மிச்சம். எனக்கு வால் மட்டும்தான் வருது."

யாராவது 'ஏய்ன்' என்று முடியும் சொல்லைச் சொன்னால் அவருக்கு 'ஏய்ன்' மட்டும் கேட்கும். அது மழையாக இருக்கலாம், ரயிலாக இருக்கலாம், நோவாக இருக்கலாம், மூளையாக இருக்கலாம். ரெய்ன், டிரெய்ன், பெய்ன், பிரெய்ன். எங்களுக்கு நாலு சொல், அவருக்கு ஒரே வால். தமிழ்ப் பாடத்தில் இதை இயைபு என்று படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவள் நான். பாட்டுக்கு அழகு சேர்ப்பது என்று எழுதியதாக ஞாபகம். அந்த இயைபுதான் ஒரு மனிதனுக்குச் செவிப்புலன் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

ஆனால் அவர் இதைப் பெரிய கஷ்டமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. "தூரத்துல தண்ணிக்கு மேல ஒரு வால் தெரியுது. முழு மீனையும் பாத்தா செல்லுறம்? வால் படுத்திருந்தா ஓங்கில், நிமிந்து நின்டா சுறா. தெரிஞ்சவனுக்கு வால் போதும். ஆனா கடல்ல என்னென்ன மீன் இரிக்கி என்டு முதல்ல தெரிஞ்சிருக்கோணும்."

அதற்குத்தான் குடும்பம் சேர்த்தார். ஒரு வாலுக்கு எத்தனை சொல் உண்டோ, அத்தனையும் அர்த்தத்தோடு அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வால் கேட்டதும் குடும்பம் முழுவதையும் மனதுக்குள் கூப்பிட்டு நிறுத்தி, இந்த இடத்தில், இந்த ஆள், இந்த நேரத்தில் கேட்கக்கூடியது எது என்று ஒன்றைப் பொறுக்குவார். ஒரு எழுத்தும் எழுதி வைக்க மாட்டார். அர்த்தம் தெரியாத சொல்லை வீட்டுக்குள் சேர்க்கவும் மாட்டார். "ஆரு என்டு தெரியாதவன உள்ளுக்கு எடுக்கலாமா?" என்பார்.

அச்சொட்டாகப் பொருந்தாமல் கொஞ்சம் விலகி ஒலிக்கிற சொற்களுக்கும் இடம் கொடுத்தார். ஃபோன், ஸ்டோன் இரண்டும் கூடப்பிறந்தவை. ஹோம் என்கிற வீடும் ஃபோம் என்கிற நுரையும் அவற்றுக்கு மச்சான் முறை. "காத்து அடிச்சா மச்சான் ஆரு, தம்பி ஆரு என்டு தெரியாது. ஆனபடியா எல்லாரையும் தெரிஞ்சு வைக்கோணும்."

ஒரு நாள் வீடும் நுரையும் எப்படிச் சொந்தமாகும் என்று நான் வம்புக்கு நின்றேன். அவர் ராத்தாவைக் கைகாட்டினார். "இவட உம்மாட்டக் கேளு." ராத்தாவின் குடும்பம் தொண்ணூறில், முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, மன்னாரிலிருந்து உடுத்த உடுப்போடு போட்டில் ஏறி இந்தக் கரைக்கு வந்தது.

எனக்கு ஒரு பழக்கம். வேகமாகப் பேசுவேன். எவ்வளவு வேகம் என்றால், உம்மாவே பாதியில் "செரி செரி" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விடுவார். வகுப்பில் நான் எழும்பினால் மிஸ் மணியைப் பார்ப்பார். சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. கேட்பவர்தான் இல்லை. நானாவின் வீட்டு முற்றத்தில்தான் முதல்முதலாக ஒருவர் என்னிடம், "வெளிச்சத்துக்கு வந்து கதை, புள்ள. முகத்தக் காட்டு. அவசரம் இல்ல, ஓங்கில் எல்லாம் காலையிலதான்," என்றார்.

நான் வெளிச்சத்துக்குப் போனேன். ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். அவர் என் உதட்டையும் கண்ணையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு சொல்லைக்கூட அவர் சும்மா விடவில்லை. விட்டால் அவருக்கு அது கிடைக்காது, அதுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முற்றத்தில் நின்று பேசியபோதுதான், நான் சொல்வது ஒரு மனிதருக்குள் போய்ச் சேருவதை என் கண்ணாலேயே பார்த்தேன். இன்று கம்பஸில் நூறு பேருக்கு முன்னால் நின்று ஒரு விசயத்தைச் சொல்லும்போது, முதலில் வெளிச்சம் எங்கே என்று பார்த்து அங்கே போய் நிற்கிறேன். தோழிகள் இதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள்.

ஒரு காலைப் பயணத்தில் இடம் மிஞ்சியதால் என்னையும் வாப்பாவையும் போட்டில் ஏற்றினார். அன்றுதான் அவர் வேலை செய்வதைப் பார்த்தேன். மற்ற போட்டுகளின் கைட்மார் முன்னணியில், போட்டின் மூக்கில், நின்று கடலைப் பார்த்தார்கள். எங்கள் நானா முன்னணியில்தான் நின்றார், ஆனால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. ஆட்களின் முகத்தைத்தான் பார்த்தார். கடலைப் பார்க்கும் வேலையை எஞ்சின்காரரிடம் விட்டிருந்தார். எஞ்சின்காரர் கையை நீட்டினால் இவர் திரும்புவார், வாலைப் பார்ப்பார், என்ன சாதி என்று சொல்வார், மறுபடி ஆட்கள் பக்கம் திரும்பிவிடுவார்.

வழியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் ஏதோ கேட்டாள். காற்று அவள் சொல்லைப் பிய்த்துக்கொண்டு போனது, எனக்கே முழுதாக விளங்கவில்லை. அவள் தலையை உயர்த்தி மேற்கே கறுத்திருந்த மேகத்தைப் பார்த்தபடி கேட்டாள். நானா ஒரு நொடி நின்றார். அந்த ஒரு நொடிக்குள் ரயிலும் நோவும் மூளையும் வரிசையில் வந்து நின்று திரும்பிப் போனது எனக்கு அப்படியே தெரிந்தது.

"நோ ரெய்ன், மேடம்," என்றார். "கிளவுட் கோயிங் டு புத்தளம்."

அவள் சிரித்தாள். எனக்குப் போட்டில் எழும்பிக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. வாப்பா என் சட்டையைப் பிடித்து இருத்திவிட்டார்.

கரைக்கு வந்ததும் கேட்டேன். "அது பேரைக் கேக்குற 'நேய்ம்' ஆகவும் இருக்கலாமே, நானா? மச்சான் முறைதானே?"

"பேர் கேக்குறவ ஆளப் பாப்பா," என்றார். "மழையக் கேக்குறவ வானத்தப் பாப்பா."

வெள்ளைக்காரர்களுக்கு அவரை நன்றாகப் பிடித்தது. நாம் பேசும்போது நம்மையே பார்க்கிற ஒரே கைட் இவர்தான் என்று போனில் விமர்சனம் எழுதினார்கள். ஹாஜியார் அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவார். அதனால்தான் அடுத்த சீசனில் வந்த வினையை யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஹாஜியார் போட்டின் முன்னணியில் மெத்தை வைத்த ஓர் ஆசனம் அடித்தார். படம் எடுக்க நல்ல இடம், கூடக் காசு கொடுப்பவருக்கு அது. "நீ பின்னுக்கு எஞ்சின் பக்கத்துல நில்லு," என்று நானாவிடம் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். ஒரு ஆசனம்.

பின்னுக்கு நின்றால் முகம் இல்லை, எல்லாம் முதுகு. கூடவே எஞ்சின் இரைச்சல். அதுவரை வால் மட்டும் வந்த காதுக்கு இப்போது வாலும் வரவில்லை. ஆட்கள் கடலைப் பார்த்தபடி எதையாவது கேட்பார்கள், அது காற்றோடு போகும். கொஞ்ச நாளில், பின்னால் நிற்கும் கைட் எங்களை மதிக்கவில்லை, கேட்டால் பதில் சொல்வதில்லை என்று ஒரு விமர்சனம் வந்தது. பிறகு இன்னொன்று. ஹாஜியார் போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்து, "ஒனக்கு என்ன நடந்த? இன்னொருக்கா இப்பிடி வந்தா வேற ஆளப் பாப்பன்," என்றாராம்.

அன்று அசர் தொழுதுவிட்டு வந்து நானா வேலியருகே நின்றார். முகம் சப்பென்று இருந்தது.

"புள்ள, எனக்கு 'இயர்' குடும்பம் வேணும்."

நான் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தே வைத்திருந்தேன். வெளிச்சத்துக்குப் போய் ஒவ்வொன்றாகக் கொடுத்தேன். "இயர், காது. ஹியர், கேக்குறது. கிளியர், தெளிவு. நியர், கிட்ட. ஃபியர், பயம். பியர்..."

"அது தெரியும். அது நமக்கு வாணாம்."

"ரியர்."

"அது என்ன?"

"பின்பக்கம்."

"அங்கதான் என்னப் போட்டிரிக்கி," என்றார். பிறகு சிரித்தார். "எல்லாம் ஒரே வீட்டுலதான் இரிக்கி, பாரு. காதும், பயமும், பின்பக்கமும்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்தக் குடும்பம் பிறர் பேச்சைப் பிடிப்பதற்கு இல்லை. அவர் சொல்லப் போகிறார்.

"வெள்ளக்காரங்கட்டச் செல்லப் போறீங்களா?" ராத்தா குசினியிலிருந்து கரண்டியோடு வந்து, அவருக்கு நேரே, முகத்துக்கு முகம் நின்றார். "ஹாஜியாரும் அங்கதான் நிப்பாரு. சென்னா வேல போகும்."

"செல்லாட்டியும் போகும். செல்லிட்டுப் போனா, என்னட்டயிருந்து ஏன் பதில் வரல்ல என்டாவது அவங்களுக்கு விளங்கும். மதிக்காதவன் என்டு எழுதியிரிக்காங்க. அதத்தான் தாங்க ஏலாது."

ராத்தா குசினிக்குத் திரும்பாமல் கரண்டியோடு அங்கேயே நின்றார். நானாவும் நானும் சொல் கோர்க்கத் தொடங்கினோம். "டியரும் இரிக்கி, நானா. அன்பே என்டு அர்த்தம். தொடக்கத்துல போட்டா நல்லா இரிக்கும்."

கரண்டி உயர்ந்தது. "ஆருக்கு அன்பே? கரையில நிக்கிற அந்த அரைச் சட்டைக்காரிகளுக்கா? அந்தச் சொல்லு இந்த வீட்டை விட்டு வெளிய போகாது."

"செரி," என்றார் நானா. "டியர் வீட்டுல நிக்கட்டும்."

மறுநாள் காலை போட்டுக்காரருக்கு ரொட்டியும் கட்டைச் சம்பலும் கொண்டுபோவது ராத்தாவின் முறை. கூடை தூக்க நானும் போனேன். கூடை ஒரு சாட்டு, நடப்பதைப் பார்க்கத்தான் போனேன். மணலில் எட்டுப் பத்து வெள்ளைக்காரர் பாதுகாப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றார்கள். ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்தபடி போட்டின் பக்கத்தில் நின்றார். நானா எல்லோருக்கும் முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். அந்த ஒரு நிமிடம் எனக்கு என் ஏ.எல். ரிசல்ட் வந்த நாளைவிடக் கனமாக இருந்தது.

"குட் மோர்னிங். மை இயர், நொட் கிளியர். ஐ ஸ்டாண்ட் ரியர், ஐ நொட் ஹியர். யூ டோக், ப்ளீஸ் கம் நியர். தென் ஐ ஹியர். நோ ஃபியர்."

என் காது தெளிவில்லை. பின்னால் நின்றால் கேட்காது. பேசும்போது கிட்ட வாருங்கள். கேட்கும், பயப்பட வேண்டாம். இவ்வளவுதான் சொன்னார்.

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், அது கேலிச் சிரிப்பு இல்லை. முன் ஆசனத்துக்குக் காசு கட்டியிருந்த தலை நரைத்த ஓர் அம்மா மணலில் நடந்து வந்து, அவருக்கு நேரே ஒரு முழத் தூரத்தில் நின்று, வாயை அகலத் திறந்து, "நியர்?" என்றாள்.

"வெரி நியர்," என்றார் நானா.

ஹாஜியார் சிரிக்கவில்லை. தமிழில் கேட்டார். "இது எப்ப தொட்டு?"

"கடலட்டைக்குப் போன காலத்திலேர்ந்து, ஹாஜியார்."

"எனக்குச் செல்லல்ல."

"சென்னா வேல தந்திருப்பீங்களா?"

ஹாஜியார் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "இல்ல," என்றார்.

நானா தலையை ஆட்டினார். கழுத்தில் தொங்கிய விசிலைக் கழற்றி ஹாஜியாரிடம் நீட்டினார். ராத்தாவின் கை என் கையை இறுக்கிப் பிடித்தது.

அதற்குள் அந்த நரைத்த அம்மா போட்டில் ஏறிவிட்டாள். ஏறியவள் தான் காசு கொடுத்த மெத்தை ஆசனத்தில் இருக்கவில்லை. நடுப் பலகையில் போய் உட்கார்ந்து, முன்னணி ஆசனத்தைத் தட்டிக் காட்டி, நானாவைக் கையால் கூப்பிட்டாள். மற்றவர்களும் ஏறி அவளைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்தார்கள். மெத்தை வெறுமையாகக் கிடந்தது.

ஹாஜியார் மெத்தையைப் பார்த்தார், விசிலைப் பார்த்தார். "கடல்ல ஒருத்தர் விழுந்து கத்தினா?"

"முகத்தப் பாத்துக்கொண்டிருக்கிறவனுக்கு விழ முந்தியே தெரியும், ஹாஜியார். இத்தின சீசனா ஒருத்தரும் விழல்லியே. பின்னுக்கு எஞ்சின்காரரும் இரிக்காரு, அவருக்குக் காது ரெண்டும் நல்லம்."

எஞ்சின்காரர் பின்னாலிருந்து, "ஓம் ஹாஜியார், எனக்கு எல்லாம் கேக்குது. டீசல் எரியிறதும் கேக்குது," என்றார்.

ஹாஜியார் விசிலை வாங்கவில்லை. "ஏறு," என்றார். "முன்னுக்கே ஏறு. வெயில் வரப் போகுது."

அந்த ஆசனம் பிறகு ராத்தாவின் கோழிகளுக்குப் படுக்கையாகிப் போனது என்பது வேறு கதை. நான் கம்பஸுக்குப் போனேன். அவர்களும் மன்னார்ப் பக்கம், ராத்தாவின் உம்மா விட்டுவிட்டு வந்த ஊருக்கே போய்விட்டார்கள். நானா சும்மா கோல் எடுத்தால் பேச மாட்டார், வீடியோ கோல் மட்டும்தான். வெளிச்சத்துக்கு வா என்றுதான் இன்றும் தொடங்குவார். நான் வருவேன். எத்தனை வேலை இருந்தாலும், ஜன்னல் தேடிப் போய் நின்று, ஒவ்வொரு சொல்லாக வைப்பேன்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காலைதான். போட் அலையைத் தாண்டியது. எல்லோரும் கடலைப் பார்த்திருக்க, நானா மட்டும் வழக்கம்போல கடலுக்கு முதுகும் கரைக்கு முகமுமாக முன்னணியில் நின்றார். ராத்தா கூடையை மணலில் வைத்துவிட்டு ஓரடி முன்னால் போனார். முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, சத்தமே வராமல், உதட்டை மட்டும் மெல்ல அசைத்து ஒரு சொல் சொன்னார். பக்கத்தில் நின்ற எனக்கு அந்த உதடு தெரிந்தது. வீட்டை விட்டு வெளியே போகாது என்று அவரே கரண்டியைத் தூக்கிய சொல்.

தண்ணீருக்கு மேலால் நானாவின் குரல் வந்தது. "கேட்டிச்சி!"

ஹாஜியார் திரும்பி எங்களைப் பார்த்தார். "என்ன கேட்டிச்சாம்?"

ராத்தா முந்தானையைச் சரிசெய்துகொண்டார். "எங்களுக்கு ஒண்டும் கேக்கல்ல, ஹாஜியார்," என்றார்.